சக்கரம் இல்லாத பை

"மாமா, பெட்டியைத் தரையில இழுத்துக்கிட்டே போறீங்களே, அதுக்கு வலிக்காதா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பால்பல் விழாத வயது. வெளிநாட்டு வேலைக்குத் திரும்பும் தாய்மாமனை வழியனுப்பக் குடும்பமே விமான நிலையத்துக்குப் போயிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மாமன் மட்டும் சிரிக்கவில்லை. நின்றான். குனிந்து பெட்டியின் முதுகைத் தடவினான். "அடடா, கேக்காமப் போயிட்டேனே" என்று சொல்லி அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். சக்கரங்கள் காற்றில் சும்மா சுற்ற, கண்ணாடிக் கதவு வரைக்கும் சுமந்தே போனான். உள்ளே போன பிறகாவது இறக்கி வைத்தானா என்பது யாருக்கும் தெரியாது.

அந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அந்த மாமன் ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் சாம்பலாக, தொலைதூர நகரமொன்றில், ஓர் அலமாரியின் மேல் இருக்கிறான். அவனைக் கொண்டு வருவதற்காகத்தான் அவனுடைய தங்கை, அந்த மகளின் அம்மா, கணவரோடு பயணப்பெட்டி விற்கும் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

தங்கை ஒரு பட்டறையில் திரைச்சீலை தைப்பவள். அதிர்ந்து பேசத் தெரியாதவள் என்றுதான் பட்டறையில் பெயர். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அதிர்ந்து பேசியிருக்கிறாள். அம்மா இறந்தபோது அண்ணன் வரவில்லை. வருகிறேன் என்றவன் வரவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவன் தொலைபேசியில் அழைத்தபோது, "இனிமே என் வாசப்படி ஏறாதே" என்று சொல்லிவிட்டாள். "சரிம்மா" என்றான் அண்ணன். அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்குப் பேசலாம், நாளைக்குப் பேசலாம் என்று அவளும் தள்ளிப் போட்டாள். நாள் என்ன நமக்காகக் காத்துக்கொண்டா இருக்கிறது?

பிறகு ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். "அக்கா, நான் உங்க அண்ணன்கூட ரூம்ல இருக்கறவன்" என்று ஆரம்பித்தார். மூச்சுக்குழாயில் நோய் என்றார். அங்கேயே தகனம் செய்ய வேண்டியதாகிவிட்டது என்றார். "பார்சல்ல அனுப்பிடலாம்னு சொல்றாங்கக்கா. எனக்கு மனசு வரல. யாராவது வந்து கையால வாங்கிக்கிட்டுப் போனா தேவலை" என்றார்.

அன்று விளக்கேற்றும் நேரத்தில்தான் முதன்முதலாக அந்தக் காலடி கேட்டது.

அவர்கள் வீடு மாடியில். கீழிருந்து யாரோ படியேறி வந்தார்கள். இடது கால் சற்று அழுத்தமாக விழுந்தது. வாசலுக்கு ஒரு படி கீழே வந்ததும் நின்றுவிட்டது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். தங்கை போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை.

மறுநாளும் அதே நேரத்தில் அதே காலடி. "கீழ் வீட்டுக்காரரா இருக்கும்" என்றார் கணவர். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். எதையும் சிரித்துப் பேசியே கடப்பவர். "அந்த மனுஷன் மாசக் கடைசியானா கடன் கேக்க நம்ம வீட்டுப் பக்கம் ஏறுவாரு, கதவு வரைக்கும் வந்ததும் வெக்கப்பட்டு இறங்கிடுவாரு." ஆனால் ஒரு நாள் மாலை கதவுக்குப் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். காலடி வந்து நின்றது. மூச்சு கேட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"உங்க அண்ணன் நடைதான்" என்றார் மெதுவாக.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். இளவயதிலிருந்தே கருவிப் பையை ஒரே தோளில் சுமந்து சுமந்து, பை இல்லாதபோதும் அந்தப் பக்கம் சாய்ந்தே நடப்பான். அந்த நடைக்கு வேறு சொந்தக்காரர் கிடையாது.

தங்கைக்குப் புரிந்துவிட்டது. தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு அவன் கடைசிப் படிக்குக் கீழே நிற்கிறான். ஏறாதே என்றவள்தான் போய்க் கூட்டிவர வேண்டும். வழியில் சிந்தாமல், உடையாமல், ஒரு முழம்கூடத் தரையில் இழுபடாமல், தன் உடம்பில் சுமந்து கொண்டுவந்து வீட்டுக்குள் வைக்க வேண்டும். அதற்குத் தாங்கும்படி ஒரு பை வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

*

கடைக்காரம்மா வாட்டசாட்டமான ஆள். கடை முழுக்கப் பெட்டிகள் வகுப்பில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் நின்றன. எந்தப் பெட்டியைக் கேட்டாலும் அந்த அம்மா அதைப் படுக்க வைத்து, அதன் மேல் ஏறி நின்றுவிடுவார்.

"என்னைத் தாங்கிச்சுன்னா எந்த விமானத்தையும் தாங்கும்! பாருங்க, ஒரு நெளிவு இருக்கா?"

"அக்கா, இறங்கிடுங்க. பெட்டி அழுவுது" என்றார் கணவர்.

"அழட்டும். அழுது பழகினதுதான் உழைக்கும். ஏன், உங்க வீட்டம்மாவைக் கேளுங்களேன்."

கணவர் வாயை மூடிக்கொண்டு சக்கரங்களைச் சுழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். "நாலு சக்கரம் வேணாம். எல்லாப் பக்கமும் சுத்தறது எந்தப் பக்கமும் நிக்காது. ரெண்டு சக்கரம்னா கல்லு மண்ணு பாக்காது. பஸ் ஓட்டறவன் சொல்றேன்."

தங்கை ஒரு பையை உட்புறம் வெளியாகத் திருப்பி ஓரத் தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். கைப்பிடி சேரும் இடத்தில் தையல் ஒற்றையாக ஓடியிருந்தது, கீழே வைத்துவிட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதில் ஜிப்பின் பற்கள் மெல்லியவை. அதையும் வைத்துவிட்டாள்.

அப்போது அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெட்டிகளில் ஒன்றின் மேலே நீண்டிருந்த இழுபிடி யாரும் தொடாமலே மெல்லக் கீழே இறங்கியது. களைத்துப்போன ஒருவர் மூச்சு விட்டு உட்கார்வதைப்போல ஒரு சத்தம்.

"அது ஸ்பிரிங் தளந்த பெட்டி. அப்பப்ப அப்படித்தான் பண்ணும்" என்றார் கடைக்காரம்மா, தான் நின்றுகொண்டிருந்த பெட்டியின் மேலிருந்தபடியே.

தங்கை அந்தப் பக்கம் திரும்பவில்லை. "சக்கரம் இல்லாம வேணும்" என்றாள்.

"சக்கரம் இல்லாமலா? இந்தக் காலத்துலயா? தோள்பட்டை போயிடும்மா."

"பரவால்ல."

"சின்னப் பிள்ளைங்க புத்தகப் பை இருக்கு. உழைக்காது. உழைக்கணும்னா இதுதான்." காலால் கீழே தட்டிக் காட்டினார். "மூணு தலைமுறைக்கு நிக்கும்."

தங்கை குனிந்து அந்தப் பெட்டியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "சரி, இதையே எடுத்துக்கறேன். சக்கரத்தை மட்டும் கழட்டிக் குடுத்துடுங்க."

கடைக்காரம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "புது பஸ்ஸு வாங்கிட்டு டயரைக் கழட்டுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கே! என்னங்க சார், நீங்களாச்சும் சொல்லுங்களேன்."

கணவர் தரையைப் பார்த்தார். கடைக்காரம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்படி என்னம்மா வெச்சு எடுத்துட்டு வரப் போறீங்க?"

"எங்க அண்ணனை" என்றாள் தங்கை.

கடைக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக, தூங்குகிற ஆளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அந்தப் பெட்டியிலிருந்து இறங்கினார்.

பிறகு ஏணியை நகர்த்திப் பரணில் ஏறினார். வெகுநேரம் எதையெதையோ தள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு முதுகுப்பை. கூடாரம் அடிக்கிற தடித்த கித்தான் துணியில் செய்தது. அகலமான தோள்வார். அடியில் விறைப்பான பலகை. பித்தளைப் பற்கள் கொண்ட ஜிப். ரொம்பக் கனம் என்று யாரும் வாங்காமல் மேலே போனதாம்.

"நீங்களே தையலைப் பாருங்க" என்றார்.

தங்கை பார்த்தாள். தோள்வார் சேரும் இடத்தில் பெருக்கல் குறி போல இரட்டைத் தையல். தன் பட்டறையிலேயே இவ்வளவு பொறுப்பாகத் தைக்கிறவர்கள் குறைவு. கடைக்காரம்மா செய்தித்தாளில் சுற்றிய செங்கற்களை அதற்குள் அடுக்கி, ஷட்டர் கொக்கியில் மாட்டி, தன் முழுப் பலத்தோடு கீழே இழுத்துக் காட்டினார். கித்தான் முனகக்கூட இல்லை.

"மரப் பெட்டியா, உலோகமா?"

"மரம்னு சொன்னாங்க."

"நல்லது. ஏர்போர்ட் மெஷின்ல உள்ள இருக்கறது தெரியும். திறந்து காட்டுன்னு சொல்ல மாட்டாங்க. விமானத்துல மேல ஏத்தி வெக்காதீங்கம்மா. அவசரத்துல எவனாவது தன் பெட்டியை மேல போட்டுத் திணிப்பான். காலடியிலயும்..." பாதியில் நிறுத்திக்கொண்டார். "மடியில வெச்சுக்க முடியுமான்னு கேட்டுப் பாருங்க. கேட்டா மனுஷங்க விடுவாங்க."

செங்கற்களை வெளியே எடுத்த பின், கடைக்காரம்மா ஒரு ஈரத் துணியைக் கொண்டுவந்து பையின் உள்ளே மூலை மூலையாகத் துடைத்தார். காகிதத்தைத் தாண்டிக் கொஞ்சம் செங்கல் தூள் ஒட்டியிருந்தது. அதெல்லாம் போன பிறகும் திருப்தியில்லாமல், தன் துப்பட்டா நுனியால் மறுபடி ஒற்றி எடுத்தார். வேறொரு வாடிக்கையாளர் வாசலில் வந்து கூப்பிட்டார். "இருங்க, வரேன்" என்றார், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கடையில் இதற்கெல்லாம் விலைச்சீட்டு இருக்காது. கடவுளின் கடையிலாவது இருக்கும் என்று நம்புகிறவர்கள் பாக்கியசாலிகள்.

*

அந்தப் பையை வீட்டுக்குள் ஒரு நாற்காலியில் வைத்தார்கள். மாலையில் காலடி வந்தது. கடைசிப் படிக்குக் கீழே நின்றது. மகள் பையை நகர்த்தப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, இதுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் வெக்கலயே."

"தூக்கிப் பாருங்க."

தங்கை தூக்கினாள். கடையிலிருந்து வரும்போது இருந்த கனம் இல்லை இது. திறந்து பார்த்தாள். உள்ளே சுத்தமான வெறுமை. கையை விட்டாள், கித்தான் மட்டும்தான். தூக்கினால் மட்டும் யாரோ அந்த முனையிலிருந்து "வேண்டாம்" என்று தயங்குகிற கனம்.

விமான நிலையத்திலும் அதேதான். தன் துணிமணிகளை வேறு பையில் வைத்துச் சரக்கில் போட்டுவிட்டு, கித்தான் பையைக் காலியாகவே முதுகில் மாட்டிக்கொண்டிருந்தாள். சோதனை இயந்திரத்துக்குள் அது போய் வந்தது. திரையைப் பார்த்த இளம் அதிகாரி புருவத்தைச் சுருக்கினார்.

"காலிப் பையா கொண்டு போறீங்க?"

"வரும்போது நிரம்பிடும் தம்பி."

அவர் பையைத் தூக்கி அவள் பக்கம் நகர்த்தினார். தூக்கியவர் மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தார். "கனமா இருக்கே..."

"கித்தான், தம்பி" என்றாள் தங்கை. முதுகில் மாட்டிக்கொண்டபோது பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவளுக்குப் பயம் வரவில்லை. கூடவே வந்துவிட மாட்டானா என்றுதான் இருந்தது.

*

அந்த நகரம் குளிரில் விறைத்துக் கிடந்தது. அண்ணன் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டை தொங்கியது. அந்த அட்டையே பழுதாகி ஒரு மூலை கிழிந்திருந்தது. தங்கை படியேறினாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு காலடியும் ஏறியது. இடது கால் அழுத்தமாக. அவள் மாடித் திருப்பத்தில் நின்றால் அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் எதுவும் இருக்காது என்று தெரிந்ததால் அவள் திரும்பவில்லை.

கதவைத் திறந்தவர் ஒரு குச்சி மனிதர். குளிருக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர்தான் போட்டிருந்தார்.

"வாங்கக்கா. நான்தான் போன் பண்ணினது. உங்க அண்ணன் எனக்குப் பயில்வான்னு பேரு வெச்சாரு. இப்ப பேக்கரியில மொதலாளி கூட அப்படித்தான் கூப்பிடறாரு." சிரிக்கப் பார்த்தார். "மூச்சு வாங்குதா? லிஃப்ட் கெட்டு ரொம்ப நாளாச்சு. நானே சரி பண்ணித் தரேன்னு அண்ணன் கெஞ்சினாரு. இது வேற கம்பெனி லிஃப்ட்டு, நீ கை வெக்கக் கூடாதுன்னுட்டாங்க."

இரண்டு கட்டில்கள் போட்ட ஒற்றை அறை. ஒரு கட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியின் மேல் மரப்பெட்டி. அதன் கீழே ஒரு சுத்தமான கைக்குட்டை விரித்திருந்தது. காலடி அறை வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டதைத் தங்கை உணர்ந்தாள்.

பயில்வான் தேநீர் கொடுத்தார். அவள் கேட்காமலே சொல்லத் தொடங்கினார்.

"அன்னிக்குக் காலையில நான் கோட்டை மாட்டிக்கிட்டு டூட்டிக்குக் கிளம்பி நின்னேன். பாத்தா அவருக்கு மூச்சு வரல. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு, ஆனா ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில திரும்பாதுன்னு கீழயே நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. நேரம் போவுதேன்னு நானே முதுகுல ஏத்திக்கிட்டேன்."

"நீங்களா?"

"அவரும் அதைத்தான் கேட்டாரு. 'பயில்வான், என் டூல்ஸ் பையைவிட நீ எடை கம்மி. என்னைக் கீழ போட்டுக் கொன்னுடாதடா'ன்னாரு. அந்த நிலைமையில சிரிப்பு வேற." பயில்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒவ்வொரு மாடி திரும்பும்போதும் 'இறக்கி விடு, நானே நடக்கறேன்'னு சொல்லிக்கிட்டே வந்தாரு. ஆனா கை மட்டும் என் தோளை விடல. அப்படி ஒரு புடி. கீழ போனதும் அவங்க வாங்கிக்கப் பாத்தாங்க. விரலைப் பிரிக்க வேண்டியிருந்துச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல அக்கா."

தேநீர் ஆறிப் போயிருந்தது. தங்கை நெடுநாளாகச் சுமந்த கேள்வியைக் கேட்டாள். "எங்க அம்மாவுக்கு ஏன் வரல, உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னானா?"

"ஏர்போர்ட் வரைக்கும் போனாருக்கா. நான்தான் கூடப் போனேன். உள்ள போற கதவுகிட்ட நின்னாரு, நின்னாரு, நின்னுக்கிட்டே இருந்தாரு. 'எங்கம்மாவைப் படுத்திருக்கற மாதிரி நான் பாத்ததே இல்லடா, இப்ப எப்படிப் பாப்பேன்'னாரு. திரும்பி வந்துட்டோம்." ஆறிய கோப்பையை நகர்த்தி வைத்தார். "அப்புறம் பல தடவை பெட்டி கட்டுவாரு. 'தங்கச்சி ஏறாதேன்னுட்டா, அவ சொன்னா சொன்னதுதான்'னு மறுபடி பிரிச்சு வெச்சுடுவாரு. கோவமா சொல்ல மாட்டாரு. பெருமையாத்தான் சொல்வாரு."

தங்கை எழுந்தாள். மரப்பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வாசல் பக்கம் திரும்பி, வாய்விட்டுச் சொன்னாள்.

"வாண்ணா. நம்ம வீட்டுக்குப் போலாம். அந்தச் சொல்லை நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். வாசப்படி ஏறி உள்ள வா."

பயில்வான் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் நின்ற மூச்சு உள்ளே வந்தது. ஒருமுறை நீளமாக இழுத்து விட்டது. பிறகு அடங்கியது. அதற்குப் பிறகு அவள் அதைக் கேட்கவே இல்லை.

பெட்டியைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். தூக்கிப் பார்த்தாள். காலியாக இருந்தபோது இருந்த கனம்கூட இப்போது இல்லை.

"இருங்கக்கா, இந்தத் தெருவுக்கு டாக்ஸி லேசுல வராது. நான் முனைக்குப் போயி ஒண்ணைப் புடிச்சு நிறுத்தறேன். நான் சத்தம் குடுத்ததும் வாங்க." பயில்வான் ஸ்வெட்டரோடு குளிரில் இறங்கி ஓடினார்.

ஏன் ஸ்வெட்டரோடு போகிறார் என்று அவள் யோசித்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கனத்த கோட்டு தொங்கியது. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டித் தொங்கியது. தங்கை அதைத் திருப்பினாள். இடது தோளில், கையைச் சேர்த்துத் தைத்திருந்த இடம் அக்குள் வரைக்கும் பிளந்திருந்தது. உள்ளிருந்த பஞ்சு வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஊக்குகளால் குத்திப் பார்த்து, பயனில்லை என்று விட்டிருந்தார். துணி நைந்து கிழியவில்லை; ஒரு கை பிடித்துத் தொங்கிய இழுப்பில் கிழிந்திருந்தது. இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊசி இல்லாமல் பயணம் போகிற தையல்காரி கிடையாது. தங்கை தன் துணிப்பையிலிருந்து ஊசியையும் கறுப்பு நூலையும் எடுத்தாள். நூலை இரட்டையாக்கி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கோட்டை உட்புறம் திருப்பினாள். பஞ்சை விரலால் உள்ளே தள்ளினாள். நெருக்கமாக, ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை ஒருமுறை பின்னால் கொண்டுவந்து முன்னே செலுத்தினாள். பிளவு முடிந்த இடத்தில் நிறுத்தவில்லை. அதைத் தாண்டியும் ஒரு சுற்று தைத்தாள். பிறகு நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்தாள். வெளிப்பக்கம் திருப்பித் தோளைத் தடவிப் பார்த்தாள். தைத்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

கீழேயிருந்து, "அக்கா, வண்டி!" என்று குரல் வந்தது.

ஊக்குகளைக் கோட்டுப் பைக்குள் போட்டாள். முன்பு இருந்தபடியே அந்தத் தோள் சுவரோடு ஒட்டும்படி ஆணியில் மாட்டினாள். அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு, கதவை மெல்லச் சாத்தினாள்.